ஜெபம் வராமல் போன காலத்தில்

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் சபையில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியும், ஆனால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சாட்சி நேரத்தில் வியாதி நீங்கியதைச் சொல்வோம், பிள்ளைக்கு வேலை கிடைத்ததைச் சொல்வோம், "எனக்கு இப்போது ஆண்டவரோடு பேசவே முடியவில்லை" என்று ஒருவரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது யாராவது அந்த நிலையில் இருந்தால் இது அவர்களுக்கு.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன், பாடகர் குழுவில் பாடுகிறேன், வீட்டில் குடும்ப ஜெபம் தவறியதில்லை. எனக்கு இந்த வறட்சி ஒரு லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஆரம்பித்தது, அடுத்த லெந்து வந்தபோதும் தீரவில்லை. வீட்டில் சாவோ பெரிய இழப்போ எதுவும் நடக்கவில்லை, உபதேசத்தில் சந்தேகமும் வரவில்லை. யாராவது கேட்டிருந்தால் கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று அன்றைக்கும் உறுதியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் காலையில் வேதத்தைத் திறந்து வைத்தால் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும், கண் அதே வசனத்தில் நிற்க மனம் மளிகைச் சாமான்களை எண்ணிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் எந்தக் கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் தொண்டை அடைத்து பாட முடியாமல் நிற்பேனோ, அதே சரணத்தைச் சுருதி சுத்தமாகப் பாடிவிட்டு உட்கார்ந்தேன். நற்கருணை வாங்க முழங்கால்படியிட்டு அப்பத்தைக் கையில் வாங்கும்போது உள்ளே ஒரு அசைவும் இல்லை. பேசுகிறேன், அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. சின்ன வயதிலிருந்து பேசிப் பழகிய ஒருவர் திடீரென்று பதில் தராமல் போவது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சொல்லக்கூடிய ஓரிருவரிடம் சொன்னேன். அவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் பதில் ஒன்றுதான்: "எங்கேயோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கு, பாரும்மா." ஏசாயா 59:2, "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது" என்ற வசனத்தையும் எடுத்துக் காட்டினார்கள். சரி, பார்க்க வேண்டியதுதான். உண்மையாகவே உட்கார்ந்து பார்த்தேன், எல்லா மனிதருக்கும் இருப்பவை எனக்கும் இருந்தன, அவற்றை ஆண்டவரிடம் சொன்னேன், நெடுநாளாகப் பேசாமலிருந்த ஒரு சொந்தக்காரரோடு போய்ப் பேசி ஒப்புரவானேன். அதெல்லாம் நல்லதுதான். வறட்சி மட்டும் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் உடைந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன். அறிக்கை செய்தும் மாறவில்லை என்றால் இன்னும் ஆழமான பாவம் ஏதோ இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் நான் இரட்சிக்கப்படவே இல்லையோ என்று தங்களையே தோண்டிக்கொண்டு போவார்கள், அதற்கு முடிவே கிடையாது. அப்படித் தோண்டுகிறவர்களுக்கு வேதமே வேறு பதில் வைத்திருக்கிறது. "அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்" என்ற யோபு 23:10 நம் வீட்டுக் காலண்டர்களிலும் வாக்குத்தத்த அட்டைகளிலும் இருக்கும். அதற்கு மேலே இருக்கிற இரண்டு வசனங்களை ஒரு அட்டையிலும் நான் பார்த்ததில்லை: "இதோ, நான் முன்னாகப் போனாலும் அவர் இல்லை, பின்னாகப் போனாலும் அவரைக் காணேன்." இதைச் சொல்கிறவர் உத்தமனும் சன்மார்க்கனும் என்று புத்தகத்தின் முதல் வசனத்திலேயே சொல்லப்பட்டவர். ஏசாயாவிலும் 59ஆம் அதிகாரத்துக்கு முன்னால் 50:10 இருக்கிறது. கர்த்தருக்குப் பயந்து அவருடைய தாசனின் சொல்லைக் கேட்கிறவன், "தனக்கு வெளிச்சமில்லாததினால் இருட்டிலே நடக்கிறான்" என்று அது சொல்கிறது. கீழ்ப்படிகிறவன் இருட்டில் நடக்கிறான்! அவனுக்குச் சொல்லப்படுவதும் பாவத்தைத் தேடு என்பதல்ல, தேவனைச் சார்ந்துகொள் என்பது. இந்த வசனத்தில் நான் ரொம்ப நாள் தங்கியிருந்தேன்.

பாவமே காரணமாக இருக்காது என்று சொல்லவரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி என்னோடு வேலை பார்க்கிறாள், அவள்தான் புனித இஞ்ஞாசியார் இதைப் பற்றி எழுதி வைத்திருப்பதைச் சொன்னாள். 1542ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரின் தோழர் அவர், இயேசு சபையை ஆரம்பித்தவர். ஆறுதல் வற்றிப்போவதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்: நம்முடைய அசட்டை ஒன்று, ஆறுதல் கூலியாகக் கிடைக்காதபோதும் நாம் ஊழியத்தில் நிற்கிறோமா என்று சோதிப்பது இரண்டு, பக்தி உணர்வு நாம் சம்பாதித்தது அல்ல, முழுக்கக் கிருபை என்று நமக்குத் தெரியவைப்பது மூன்று. எங்கள் பக்கத்தில் முதல் காரணத்தை மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்ற இரண்டும் இருக்கின்றன என்று தெரிந்ததே பெரிய விடுதலை.

சிலுவை அருளப்பர் என்று இன்னொருவர், அவரும் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுக்காரர், சொந்தத் துறவு சபையாராலேயே தொலேதோ நகரில் சிறைவைக்கப்பட்டவர். அசட்டையால் வருகிற வறட்சியையும் தேவன் நடத்துகிற வறட்சியையும் பிரித்துப் பார்க்க அவர் அடையாளங்கள் தருகிறார். தேவ காரியங்களில் ருசி இல்லை, அதற்குப் பதிலாக உலகக் காரியங்களிலும் ருசி வரவில்லை. தேவனை விட்டுத் தூரமாகிறேனோ என்ற கவலை மட்டும் மனதை விட்டுப் போவதில்லை. முன்பு செய்ததுபோல் தியானிக்க முயன்றாலும் முடிவதில்லை. அசட்டையாகிப்போனவனுக்கு இந்தக் கவலையே இருக்காதாம். ஆண்டவரே உம்மைக் காணோமே என்று தவிக்கிறவர் இந்த ஒரு வரியைத் தன் வேதாகமத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்து ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: டாக்டரைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் வைத்து, சாப்பிட வைத்து, திரும்பத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகுதான். நான் போய் இரத்தப் பரிசோதனை செய்ததில் இரும்புச்சத்து குறைவு என்றார்கள், மாத்திரை சாப்பிட்டேன், மத்தியானம் வருகிற அசதி போனது, படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் நின்றது. ஜெபத்தின் வறட்சி போகவில்லை, ஆனாலும் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்ததால் ஒன்றோடு ஒன்றைக் குழப்பாமல் இருக்க முடிந்தது. தைராய்டு, பி12 இவற்றையும் பார்த்துவிடுங்கள். ஜெபத்தில் மட்டும் இல்லாமல் எதிலுமே விருப்பம் இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே போகிறது, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடலாம், எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. விசுவாசி மனநல மருத்துவரிடம் போகலாமா என்று யாராவது கேட்டால் எலியாவுக்கு அடையைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தக் காலம் முழுக்க என்னைப் பிடித்து நிறுத்தியது என் சொந்த ஜெபம் இல்லை, மற்றவர்களின் ஜெபம். எனக்காக மற்றவர்கள் செய்த ஜெபத்தைச் சொல்லவில்லை, அதுவும் உண்டு. மற்றவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன வார்த்தைகளைச் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது அத்தை, என் மாமியார். எண்பதை நெருங்குகிறவர்கள். கண் பார்வை மங்கியதால் பெரிய எழுத்து வேதாகமத்தின் மேல் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அதை வரியின் மேல் நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சத்தம்போட்டு வாசிப்பார்கள். ஒருநாள் ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, "அத்தை, எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பதறவில்லை, காரணமும் கேட்கவில்லை. "வரலைன்னா சங்கீதத்த வாசிம்மா, அதுவும் ஜெபந்தானே" என்று சொல்லி, கண்ணாடியை எடுத்துவிட்டு வேதாகமத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்கள். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 13ஆம் சங்கீதம் திறந்திருந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" வாசித்தேன். எனக்குள் எதுவும் பொங்கவில்லை. ஆனால் நான் சொல்ல முடியாமல் இருந்ததை யாரோ எனக்கு முன்னால் சொல்லியிருந்தார்கள், அதை இஸ்ரவேலும் பிறகு சபையும் மூவாயிரம் வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பத்திரமாக வைத்திருக்கின்றன, அதுவும் ஜெபப் புத்தகத்துக்குள்!

அன்றிலிருந்து பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தக முறைப்படி சங்கீதங்களை வாசிக்க ஆரம்பித்தேன். நம் பாட்டனார் காலத்தில் எங்கள் பக்கம் பழக்கத்தில் இருந்ததுதான், 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குக் காலை மாலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தேதியைப் பார்த்தால் போதும், இன்று எதை வாசிக்கலாம் என்று தேடவே வேண்டாம், வறட்சியில் இருக்கிறவருக்கு இந்தத் தேடலே ஒரு பாரம். 2ஆம் தேதி மாலை 13 வரும். 8ஆம் தேதி மாலை "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற 42 வரும். 12ஆம் தேதி காலை "வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே" என்ற 63. 17ஆம் தேதி காலை 88, அதில் கடைசி வரைக்கும் விடியலே கிடையாது, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே முடிந்துவிடும். முதல்முறை வாசித்தபோது பக்கத்தைப் புரட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். அதே சமயம் அந்தச் சங்கீதம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. பதில் வராத ஆளும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எப்படி வாசிப்பது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மனதுக்குள் வாசிக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள், மெதுவாக இருந்தால் போதும். மனம் ஓடும், ஓடட்டும், வாயாவது அங்கேயே இருக்கும். வாசித்ததிலிருந்து இன்றைக்கு எனக்கு என்ன செய்தி என்று தேட வேண்டாம். அப்புறம், சில நாள் சங்கீதம் நம் நிலைக்குப் பொருந்தாது, நாம் வறண்டிருக்கும்போது அது துள்ளும், அப்போது அதை இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிற யாருக்காகவோ சொல்லுங்கள். நான் எங்கள் தெருவில் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண்ணை நினைத்துச் சொல்வேன். அதேபோல் 88ஐ வறட்சி இல்லாத நாளில் வாசிக்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்காகச் சொல்லலாம்.

ஞாயிறு ஆராதனை முறைமையும் இப்படித்தான் கைகொடுத்தது. எழுதி வைத்த ஜெபம் செத்த ஜெபம், இருதயத்திலிருந்து வந்தால்தான் ஜெபம் என்று கன்வென்ஷன் மேடைகளில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கன்வென்ஷன் கூட்டங்கள் எனக்கு நிறையச் செய்திருக்கின்றன, அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இருதயத்தில் ஒன்றும் இல்லாத நாளில் இருதயத்திலிருந்து எதை எடுப்பது? அன்றைக்கு "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்று புத்தகத்தில் இருப்பது போதுமானது, அதற்கு மேல் ஒரு ஜெபம் எனக்குத் தெரியவும் தெரியாது. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவாசிக்கிறேன்" என்று சொல்லும்போது எனக்குப் பின்வரிசையில் ஒரு தாத்தா எல்லோருக்கும் அரைச்சொல் முந்தி, உரக்கச் சொல்வார். அவர் குரலுக்குப் பின்னால் என் குரலை வைத்துக்கொண்டு பல ஞாயிறுகள் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு தைரியம் பெரிய வெள்ளியில் கிடைத்தது. மும்மணி தியானத்தில், சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தை: "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்." இது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்று சின்ன வயதிலிருந்து தெரியும், ஓய்வுநாள் பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வருஷம்தான் அது உறைத்தது. பிதாவின் முகம் மறைந்த நேரத்தில் நம் ஆண்டவர் புதிதாக ஒரு ஜெபத்தைத் தேடவில்லை, தாம் வளர்ந்த வீட்டிலும் ஜெப ஆலயத்திலும் கேட்ட ஜெபத்தையே சொன்னார். கடைசி மூச்சிலும் அதுதான், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதம். அவரே அப்படி ஜெபித்தார் என்றால் நான் அப்படி ஜெபிப்பது குறைந்த ஜெபமாக எப்படி இருக்கும்?

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். கிணற்றிலிருந்து வாளியால் இறைப்பது, சக்கரம் வைத்து இறைப்பது, ஓடையிலிருந்து வாய்க்கால் விடுவது, மழை பெய்வது என்று நாலு வகை. மழை பெய்தால் நமக்கு வேலையே இல்லை, ஆனால் பெய்யாத வருஷத்தில் வாளிதான். தாமிரபரணிப் பாசனம் எட்டாத மானாவாரிக் காட்டில் கிணறு வைத்திருந்த குடும்பம் என் அம்மாவுடையது, அதனால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இந்தத் தெரேசாவே பல வருஷம், ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் ஊழியம் செய்த அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் மறைந்து பத்து வருஷம் கழித்து 2007ல் வெளிவந்தபோதுதான் அவரும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் உள்ளே இருட்டோடு இருந்தார் என்று உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அத்தனை வருஷமும் விடிகாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார்.

இன்னும் இரண்டு மூன்று காரியங்கள். பெரிய முடிவு எதையும் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். ஆறுதல் இருந்த நாளில் எடுத்த தீர்மானத்தை ஆறுதல் இல்லாத நாளில் மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் கண்டிப்பான விதி. உள்ளே ஒன்றும் இல்லாமல் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிடலாம் என்று எனக்குப் பலமாகத் தோன்றியது. எங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) போய்ச் சொன்னேன். "இப்ப விட வேண்டாம்மா, வேணும்னா சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு மாத்திக்கோங்க, லெந்து முடியட்டும், பேசுவோம்" என்றார்கள். மழலையர் வகுப்புக்கு மாறினேன். வசனத்தைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வகுப்பில் யாரும் என்னிடம் ஆழத்தை எதிர்பார்க்கவில்லை. சபையை விட்டு வேறு சபைக்குப் போகலாமா என்ற யோசனையையும் இதே விதியில்தான் வைப்பேன்.

நேரத்தைக் கூட்டுவதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. வறட்சியில் ஜெப நேரத்தைக் குறைக்காதே, குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே இரு என்கிறார்கள். கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வேலைக்குப் போகிற, பிள்ளைகள் இருக்கிற பெண் இரண்டு மணி நேரம் என்று எழுதி வைத்துக்கொண்டு நாலாம் நாள் விட்டுவிடுவதைவிடக் கால்மணி நேரம் குறித்து, அதைவிட ஒரு சங்கீதம் கூட இருப்பது நல்லது. அடுப்பில் உலை வைக்கும் முன்பா, பஸ்ஸிலா, எங்கே என்பது உங்கள் வசதி, ஆனால் இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும்.

பழைய உணர்வைத் துரத்திக்கொண்டு ஓடியது மட்டும் எனக்கு உதவவே இல்லை. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டே சமைப்பது, ஒரு பிரசங்கம் முடிந்ததும் யூடியூபில் அடுத்தது, இந்த வாரம் ஒரு உபவாசக் கூட்டம், அடுத்த வாரம் இன்னொரு ஊரில் இன்னொன்று. போகும்போது இருந்த எதிர்பார்ப்புக்குத் திரும்பி வரும்போது மனம் கூடுதலாகச் சோர்ந்துபோகும். ஒரு கூட்டம் போதும், நம் சபை போதும்.

எனக்கு அது எப்போது தீர்ந்தது என்று தேதி சொல்ல முடியவில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கிய நாட்களில் பாட்டுப் பயிற்சியில் ஒரு வரியில் குரல் தடுமாறியது, பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அதன் பிறகும் வறண்ட வாரங்கள் வந்தன, இப்போதும் வருகின்றன, ஆனால் தேதியைப் பார்த்து அன்றைய சங்கீதத்தை எடுக்கப் பழகிவிட்டதால் பயம் போய்விட்டது.

வறண்டிருக்கிறவரோடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரணம் கேட்காதீர்கள், வாக்குத்தத்த வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி முடித்துவிடாதீர்கள், பாடகர் குழுவிலிருந்தோ சங்கத்திலிருந்தோ கொஞ்ச நாள் ஒதுங்கியிருங்கள் என்று சொல்லாதீர்கள், அவர்களுக்கு ஒதுங்க ஏற்கெனவே மனம் இருக்கிறது. "வாங்க, ஒரு சங்கீதம் வாசிப்போம்" என்று கூடவே உட்காருங்கள், ஆளுக்கு ஒரு வசனமாக மாற்றி மாற்றி வாசியுங்கள், ஜெபத்தை நீங்கள் செய்துவிடுங்கள், அவர்கள் ஆமென் சொன்னால் போதும். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த லெந்துக்குப் புலம்பல் சங்கீதங்களை எடுத்திருக்கிறோம். 13, 22, 42, 77, 88 என்று வாரத்துக்கு ஒன்று, விளக்கவுரை கிடையாது, வாசிப்பும் கொஞ்ச நேர மௌனமும் மட்டும். 77 வாசித்த வாரம், "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்ற வரி முடிந்ததும் இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை பேசாத ஒரு அக்கா, "இதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்கள். கூட்டம் முடிந்து அவர்களோடு வீடு வரைக்கும் நடந்தேன். அடுத்த வாரம் 88, அதை அவர்களே வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.